வீடும் விளக்கும் யார் கணக்கில்?

ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2025 அக்டோபரில் கருத்துக் கேட்புக்காக வெளியிட்ட மின்சாரத் திருத்தச் சட்ட முன்வரைவில், பிரிவு 61-இல் செய்யப்படும் ஒரு மாற்றம் பல கோடிக் குடும்பங்களின் மாதக் கணக்கை மாற்றி எழுதப் போதுமானது. உற்பத்தித் தொழில் நிறுவனங்களும் ரயில்வேயும் மெட்ரோ ரயிலும் செலுத்தும் மின்கட்டணத்தில் அடங்கியுள்ள குறுக்கு மானியத்தை, சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்தாண்டுகளுக்குள் அடியோடு நீக்கிவிட வேண்டும் என்கிறது அந்த முன்வரைவு. மின்சாரம் வழங்க ஆகும் செலவு எதுவோ அதுவே கட்டணமாக அமைய வேண்டும் என்பது அதன் கோட்பாடு.

கேட்கும் காதுக்கு இது நியாயமாகவே ஒலிக்கும். அவரவர் பயன்படுத்தியதற்கு அவரவர் விலை கொடுக்கட்டுமே! ஆனால் மின்சாரம் வழங்கும் செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். உயர் அழுத்தத்தில் மின்சாரம் பெறும் ஓர் ஆலைக்கு வழியில் ஏற்படும் இழப்பு குறைவு; மின்மாற்றிகளும் கம்பித் தொடரும் குறைவு. நீண்ட தாழ்வழுத்தப் பாதையின் கடைசிக் கம்பத்திலிருந்து ஒளி பெறும் குடிசைக்கோ இழப்பும் அதிகம், பராமரிப்புச் செலவும் அதிகம். ஆகவே செலவை அப்படியே கட்டணமாக்கினால், மிகக் குறைந்த வருவாய் உள்ளவன் ஓர் அலகுக்கு மிக அதிக விலை தர வேண்டிவரும். இந்தத் தலைகீழ் நிலையைத் தடுத்து நிறுத்தும் மடைதான் குறுக்கு மானியம். தொழிற்சாலையும் வணிக வளாகமும் சற்றுக் கூடுதலாகச் செலுத்த, அந்தக் கூடுதல் வீட்டு விளக்குக்கும் விவசாய மோட்டாருக்கும் துணைநிற்கிறது. அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்காமல் ஒரு கட்டண அமைப்புக்குள்ளேயே நடைபெறும் பகிர்வு இது.

ஏழைகளுக்கும் விவசாயிகளுக்கும் சலுகை தருவதை யாரும் தடுக்கவில்லை, மாநில அரசுகள் விரும்பினால் தங்கள் நிதிநிலை அறிக்கையிலிருந்து மானியம் வழங்கிக்கொள்ளலாம் என்று அமைச்சகம் விளக்கம் தருகிறது. விளக்கத்தில் சட்டப்பிழை ஏதுமில்லை; 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 65 அதற்கு இடமளிக்கத்தான் செய்கிறது. ஆனால் மாநிலங்களின் கையைக் கட்டிப்போட்ட அதே அரசு, விரும்பினால் கையை நீட்டிக் கொடுங்கள் என்று சொல்வதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்தக் கட்டு எங்கே போடப்பட்டது என்பதைத் தோழர்கள் துல்லியமாக அறிந்திருப்பது அவசியம்.

அதற்கு முன் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. 1940-களில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், மின்சாரம் தனியாரிடம் இருப்பதா அரசிடம் இருப்பதா என்ற கேள்வியை எழுப்பி, மலிவான, தட்டுப்பாடற்ற மின்சாரமே இந்தியாவின் தேவை என்று வாதிட்டார். 1948-ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டமும், அதன் வழியே உருவான மாநில மின்வாரியங்களும் அந்தக் காலத்துச் சிந்தனையின் விளைவுகள். வாரியங்களின் குறைகள் நமக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் இலாபக் கணக்குப் பார்க்கும் எந்த நிறுவனமும் கம்பம் நட்டிருக்காத ஊர்களுக்கெல்லாம் கம்பி இழுத்தவை அவையே.

வாஜ்பாய் அரசு நிறைவேற்றிய 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தை அகற்றியது. குறுக்கு மானியத்தைக் ‘குறைத்து நீக்குவது’ கட்டண நிர்ணயத்தின் குறிக்கோள் என்று அதன் பிரிவு 61 கூறியது. 2004-இல் இடதுசாரிகளின் வெளியாதரவுடன் அமைந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு, அச்சட்டத்தை மறுபரிசீலனை செய்வதாகக் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் வாக்களித்தது. தொடர்ந்த வற்புறுத்தலுக்குப் பின் 2007-இல் வந்த திருத்தச் சட்டம் ‘நீக்குவது’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. ‘குறைப்பது’ மட்டும் எஞ்சியது. ஒரு வினைச்சொல்லை அகற்றியது பெரிய வெற்றியா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. 18 ஆண்டுகள் கழித்து அதே சொல்லைத் திரும்பக் கொண்டுவர ஒரு முன்வரைவு தேவைப்பட்டிருக்கிறது என்பதே அவர்களுக்குப் பதில்.

இனி அந்தக் கட்டுக்கு வருவோம்.

2020 மே மாதம் நாடு பொதுமுடக்கத்தில் கிடந்தது. மாநிலங்களின் வரி வருவாய் வற்றியிருந்தது. மருத்துவத்துக்கும் நிவாரணத்துக்கும் பணம் தேவைப்பட்டது. அந்நேரத்தில் மாநிலங்களின் கடன் வரம்பை அவற்றின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்த்துவதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். கொடையல்ல, கடன், அதுவும் மாநிலங்களே வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். அந்தக் கூடுதல் 2 விழுக்காட்டில் நிபந்தனையற்றது அரை விழுக்காடு மட்டுமே. மீதியைப் பெற நான்கு ‘சீர்திருத்தங்களை’ நிறைவேற்ற வேண்டும் என்றது ஒன்றிய அரசு. அவற்றுள் ஒன்று மின்பகிர்மானம். விவசாயிகளுக்கான இலவச மின்சாரத்தை வங்கிக் கணக்கில் பணமாகச் செலுத்தும் முறைக்கு மாற்றுவது அதன் உட்கூறு. இன்னொன்று நகர்ப்புற உள்ளாட்சிகள். சொத்து வரிக்கு அரசின் நில வழிகாட்டி மதிப்போடு ஒத்துப்போகும் குறைந்தபட்ச விகிதமும், குடிநீருக்கும் கழிவுநீருக்கும் குறைந்தபட்சக் கட்டணமும் அறிவிக்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். பெருந்தொற்றின் நடுவில், வீட்டு வரியையும் தண்ணீர்க் கட்டணத்தையும் உயர்த்தினால்தான் கடன் வாங்க அனுமதி!

பெருந்தொற்று போயிற்று, நிபந்தனை போகவில்லை. 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, வரி வசூலை மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக ஆண்டுதோறும் உயர்த்தும் நகராட்சிகளுக்கே மானியத்தொகை என்றாயிற்று. மின்துறையில் ‘சீர்திருத்தம்’ செய்யும் மாநிலங்களுக்கு மட்டும் 2021-22 முதல் நான்காண்டுகளுக்கு அரை விழுக்காடு கூடுதல் கடன் என்பதும் தொடர்ந்தது. விவசாய மோட்டார்களுக்கு மீட்டர் வைக்க மாட்டோம் என்று மறுத்த அன்றைய தெலங்கானா அரசு அந்த வாய்ப்பை இழந்தது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டபோது, மாநில அரசு தன் அறிவிப்பில் நிதிக்குழுவின் நிபந்தனையையே காரணமாகச் சுட்டியது. வெவ்வேறு கட்சிகள் ஆளும் மாநிலங்கள் ஒரே பாதையில் நடந்ததற்குக் காரணம் அவற்றின் கொள்கை ஒற்றுமை மட்டுமன்று. சுருக்குக் கயிற்றின் மறுமுனை டெல்லியில் இருந்தது.

கேரளத்தைப் பற்றிப் பேசாமல் இந்த இடத்தைக் கடந்து செல்வது நேர்மையாகாது. 2023 பிப்ரவரியில் இடது ஜனநாயக முன்னணி அரசு குடிநீர்க் கட்டணத்தை லிட்டருக்கு ஒரு பைசா உயர்த்தியது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை விலக்கு அளிக்கப்பட்டது. விலக்கு முக்கியமானது, ஆயினும் உயர்வு உயர்வுதான். நம்மை எதிர்ப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது தோழர்கள் மழுப்ப வேண்டியதில்லை. கடன் வரம்பைச் சுருக்கியதை எதிர்த்து அதே அரசு 2023 டிசம்பரில் அரசமைப்பின் 131-ஆவது கூறின்கீழ் உச்சநீதிமன்றம் சென்றது; 2024 ஏப்ரலில் அவ்வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஒரு மாநில அரசு, அது இடதுசாரி அரசாகவே இருந்தாலும், தனியே நின்று இந்த வளையத்தை உடைத்துவிட முடியாது என்பதற்கு இவ்விரண்டு செய்திகளும் சேர்ந்தே சான்று.

இந்தப் பாதை மோடி ஆட்சியில் தொடங்கியதுமன்று. 2005 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்றிய நிதி வேண்டுமானால் ஏழாண்டுகளுக்குள் குடிநீர், கழிவுநீர் முதலிய சேவைகளின் இயக்க, பராமரிப்புச் செலவு முழுவதையும் மக்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்று மாநிலங்களிடம் எழுத்தில் உறுதி வாங்கியது அத்திட்டம். நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை ரத்து செய்வதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஒருபுறம் நிலம் குவிப்போருக்குத் தளர்வு. மறுபுறம் அதே திட்டத்தின்கீழ்க் குடிசைப்பகுதி மக்களுக்குக் கட்டப்பட்ட வீடுகளை மாநில அரசு இலவசமாகத் தரக்கூடாது, பயனாளி குறைந்தது 12 விழுக்காடு, தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளி எனில் 10 விழுக்காடு செலுத்தியே தீர வேண்டும் என்ற கட்டளை. சென்னையிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஏக்கர் ஏக்கராக நிலம் வைத்திருந்தவர்களிடம் எந்த விழுக்காடும் கேட்கப்படவில்லை.

பயனாளிப் பங்கு என்ற அந்தச் சிறு துளை இன்று வாசலாக விரிந்திருக்கிறது. பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய் என்று 2016-இல் நிர்ணயித்தார்கள். 2024-இல் மேலும் இரண்டு கோடி வீடுகளுக்குத் திட்டம் நீட்டிக்கப்பட்டபோதும் தொகை அதேதான். சிமெண்டும் கம்பியும் மணலும் கொத்தனார் கூலியும் 2016-இல் நின்றுவிட்டனவா? அரசின் பங்கு எண்ணளவில் குறையவில்லை. மதிப்பில் ஆண்டுக்காண்டு தேய்கிறது. தேய்ந்த பகுதியை நிரப்புவது நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை. கூரை மட்டத்தில் நின்றுபோன சுவர்களை எந்த மாநிலத்தின் கிராமப்புறத்திலும் காணலாம். வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் அளித்து லட்சக்கணக்கில் வீடுகளை முடித்துத் தந்த கேரளத்தின் ‘லைஃப்’ திட்டத்தோடு ஒப்பிட்டால்தான் இந்தத் தேய்வின் அளவு விளங்கும்.

சமையல் எரிவாயுவில் நடந்தது இதைவிடச் சந்தடியற்றது. மானியத்தை முதலில் வங்கிக் கணக்குக்கு மாற்றினார்கள். நாடு முழுவதும் 2015 சனவரி முதல். பிறகு வசதியுள்ளோர் விட்டுக்கொடுங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். 2020 மே மாதம் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது கணக்கில் வரும் தொகை பூஜ்யமாயிற்று. விலை ஏறியபோது பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. டெல்லியில் 2020 ஜூனில் 593 ரூபாயாக இருந்த உருளை 2023 மார்ச்சில் 1,103 ரூபாய். நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் இல்லை, விவாதம் இல்லை. உஜ்வலா பயனாளிகளுக்கு மட்டும் 200 ரூபாய், பின்னர் 300 ரூபாய் என்று ஒரு பகுதியைத் திரும்பத் தந்து, எஞ்சிய கோடிக்கணக்கான உழைக்கும் குடும்பங்களை வசதி படைத்தோர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மானியத்தைப் பொருளிலிருந்து பிரித்துப் பணமாக்கிவிட்டால், அதை நிறுத்துவதற்கு ஓர் ஆணைகூடத் தேவையில்லை என்பதை எரிவாயு கற்பித்தது. விவசாய மின்சாரத்துக்கும் வங்கிக் கணக்கு முறையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது ஸ்மார்ட் மீட்டர். 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பகிர்மானத் துறைத் திட்டத்தின் மதிப்பு 3,03,758 கோடி ரூபாய்; இதில் ஒன்றிய அரசின் பங்கு 97,631 கோடி. 25 கோடி முன்பண மீட்டர்கள் அதன் மையம். ஒரு மீட்டருக்குப் பொது மாநிலங்களில் ஒன்றிய அரசு தருவது செலவில் 15 விழுக்காடு, அதுவும் 900 ரூபாய்க்கு மேற்படாமல். மீதியை யார் தருவது? ‘டோட்டெக்ஸ்’ என்னும் முறையில் தனியார் நிறுவனம் மீட்டரை வாங்கி, பொருத்தி, ஏறத்தாழ பத்தாண்டுகள் பராமரிக்கும்; மின்பகிர்மான நிறுவனம் மாதந்தோறும் மீட்டருக்கு இவ்வளவு என்று அதற்குச் செலுத்திவரும். நுகர்வோர் முன்கூட்டி எதுவும் தரவேண்டாம் என்று விளம்பரம் சொல்வது உண்மையே. ஆனால் பகிர்மான நிறுவனம் செலுத்தும் ஒவ்வொரு ரூபாயும் அதன் ஆண்டு வருவாய்த் தேவைக் கணக்கில் ஏறும். அங்கிருந்து கட்டணத்தில் இறங்கும். உத்தரப்பிரதேசத்தில் மீட்டருக்கு 6,000 ரூபாய் என்று மதிப்பிட்டிருந்த ஓர் அரசு மின்பகிர்மான நிறுவனம், அதானி குழுமம் ஏறத்தாழ 10,000 ரூபாய் கேட்டதால் 2023 பிப்ரவரியில் அந்த ஒப்பந்தப்புள்ளியையே ரத்து செய்ய நேர்ந்தது. பிற மாநிலங்கள் பலவற்றில் ரத்து செய்ய ஆளில்லை.

விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கட்டணம் செலுத்தத் தவறியவரின் இணைப்பைத் துண்டிக்குமுன் 15 நாள் எழுத்துமூல அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 56. அந்தச் சட்டத்தில் ஏழைக்கு மிஞ்சிய சில பாதுகாப்புகளுள் அது ஒன்று. கூலி கைக்கு வராத வாரத்தில் கடன் புரட்டவும், அலுவலகம் சென்று தவணை கேட்கவும், கிளைத் தோழரை அழைத்துக்கொண்டு போய் வாதாடவும் அந்த 15 நாட்கள் உதவின. முன்பண மீட்டரில் இருப்புத் தீர்ந்தால் இணைப்பு தானே அணையும். அறிவிப்பு இல்லை, அலுவலகம் இல்லை, வாதாட ஆளில்லை. முன்பண மீட்டரை நுகர்வோர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் ஒன்றாகவே பிரிவு 47 பேசுகிறது. விதிகளின் வழியே அதைக் கட்டாயமாக்கியது நிர்வாகம்.

அதோடு முடியவில்லை. 2023 ஜூனில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள், விவசாயம் தவிர்த்த அனைவருக்கும் 2025 ஏப்ரலுக்குள் நேரவாரிக் கட்டணம் வர வேண்டும் என்கின்றன. சூரிய ஒளி மிகுந்த நேரத்தில் கட்டணம் குறைவு. உச்சத் தேவை நேரத்தில் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியவுடன் அது நடைமுறைக்கு வரும். மலிவான நேரத்தில் துணி துவைத்து, விலை ஏறும் நேரத்தில் விளக்கை அணைக்கலாம் என்று அறிவுரை கூறுகிறார்கள். மலிவான நேரத்தில் உழைக்கும் குடும்பம் வேலைத்தளத்தில் இருக்கிறது. உலை ஏறுவதும் பிள்ளைகள் பாடம் படிப்பதும் விலை ஏறும் நேரத்தில்தான். எரிபொருள் விலை கூடினால் ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணைக்குக் காத்திராமல் மாதந்தோறும் தானாகவே கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2022 டிசம்பரில் இன்னொரு விதி வந்தது. அதே ஆண்டில்தான் இறக்குமதி நிலக்கரியைக் கலந்தே ஆக வேண்டும் என்று மின்நிலையங்கள் நெருக்கப்பட்டன. முடிவெடுப்பது அமைச்சகம், விற்பது இறக்குமதியாளர், செலுத்துவது வீட்டுக்காரர்.

மொழிபெயர்ப்பு மேசையில் இந்த ஆவணங்களோடு போராடும்போது உறுத்தும் ஒரு செய்தியை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ‘மானியம்’ என்ற சொல்லுக்கு நம் பழைய நிலவரி ஆவணங்களில் பொருள், வரியின்றியோ குறைந்த வரிக்கோ விடப்பட்ட நிலம். கோயிலும் மடமும் அதிகார உரிமையாளரும் பெரும் மானியங்களை அனுபவித்தார்கள். ஊர்ப்பணி செய்த ஏழைக்குத் துண்டு நிலம். அதாவது அரசுக்கு வரவேண்டியதை ஒருவருக்கு விட்டுக்கொடுப்பதே மானியம். அந்தப் பழைய பொருளில் இன்றைய பெரிய மானியம் எது? 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்பது அரசே அன்று தந்த மதிப்பீடு. இதற்கு ‘ஊக்கம்’ என்று பெயர். 2022 ஜூலையில் பிரதமர் எள்ளி நகையாடிய ‘இலவசப் பண்டங்களின்’ பட்டியலில் அது இடம்பெறவில்லை.

அதனால்தான் மானியம் ஒழிக்கப்படுகிறது என்று சொல்வதே தவறு என்கிறோம். பொதுப்பணம் செலவாகிக்கொண்டேதான் இருக்கிறது. முன்பு அது கடைசிக் கம்பத்து விளக்கை நோக்கிச் சென்றது. இப்போது ஒப்பந்ததாரரின் உறுதிசெய்யப்பட்ட மாதவரவை நோக்கிச் செல்கிறது. சண்டிகரைப் பாருங்கள். பல ஆண்டுகள் இலாபத்தில் இயங்கி, குறைந்த கட்டணத்தில் மின்சாரம் தந்துவந்த அரசு மின்துறை, ஊழியர்களின் நெடும் போராட்டத்தையும் மீறி, 871 கோடி ரூபாய்க்கு 2025 பிப்ரவரி முதல் நாளில் கோயங்கா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நட்டமே தனியார்மயத்துக்குக் காரணம் என்பது அன்றே பொய்யாயிற்று. ஒடிசாவின் வரலாறு இன்னும் நீளமானது. உலக வங்கியின் வழிகாட்டலில் நாட்டிலேயே முதலாவதாக 1999-இல் மின்பகிர்மானத்தைத் தனியாருக்குத் தந்த மாநிலம் அது. அதே ஆண்டு அக்டோபரில் பெரும்புயல் கம்பங்களைச் சாய்த்தது. 2001-இல் அமெரிக்க நிறுவனமான ஏஇஎஸ் கைகழுவிச் சென்றது. மற்ற மூன்று பகுதிகளை வைத்திருந்த ரிலையன்சின் உரிமங்களை 2015-இல் ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. இப்போது அவையெல்லாம் டாட்டாவிடம். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் இடையில் சிதைந்ததை அரசின் கரம்தான் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நம் கூட்டங்களில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. மலிவான தண்ணீரும் மின்சாரமும் உண்மையில் வசதியுள்ளோருக்குத்தானே அதிகம் போகின்றன என்பதே அது. பெருமளவு உண்மை. குழாய் இணைப்புள்ள மாடி வீடு மலிவான நீரைப் பெறுகிறது. இணைப்பே இல்லாத குடியிருப்பு, குடத்துக்கு இவ்வளவு என்று லாரியிடம் பலமடங்கு விலை கொடுக்கிறது. வாடகைக் குடியிருப்பில் வீட்டு உரிமையாளர் தன் விருப்பப்படி அலகுக்கு விலை வைக்க, அரசு தரும் அடுக்குச் சலுகை குடியிருப்பவருக்கு எட்டாமலே போகிறது. சொத்து வரி உயர்வு உரிமையாளருக்கு என்று எழுதப்பட்டாலும் வாடகையாக மாறி இறங்குவது ஒண்டுக் குடித்தனத்தின் மீதுதான். ஆனால் இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு சலுகையை வெட்டுவதாக இருக்க முடியாது. இணைப்பில்லாதவருக்கு இணைப்பு, குறைந்த பயன்பாட்டுக்கு மிகக் குறைந்த கட்டணம், மிகுந்த பயன்பாட்டுக்கு ஏறுமுகக் கட்டணம், வாடகைதாரர் பெயரில் தனி மீட்டர், காலி மனைக்கும் ஆடம்பரக் கட்டடத்துக்கும் கூடுதல் வரி: இவை நம் கோரிக்கைகள். எல்லாருக்கும் ஒரே அளவில் இலவசம் என்று ஏலம் விடும் கட்சிகளின் வாக்குறுதியும், யாருக்கும் எதுவும் இல்லை என்ற சந்தைவாதமும் இந்த இடத்தில் ஒரே தவற்றைச் செய்கின்றன. இரண்டும் வர்க்க வேறுபாட்டைக் கணக்கிலிருந்து துடைத்துவிடுகின்றன.

எதிர்ப்புக்குப் பலனில்லை என்று சோர்ந்துபோகவும் காரணமில்லை. மூன்று வேளாண் சட்டங்களோடு மின்சாரத் திருத்த மசோதாவையும் எதிர்த்து டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் அமர்ந்திருந்த விவசாயிகளுக்கு, சம்பந்தப்பட்டோருடன் கலந்துபேசாமல் அதைக் கொண்டுவருவதில்லை என்று 2021 டிசம்பரில் அரசு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எட்டே மாதத்தில் மக்களவையில் அதை அறிமுகம் செய்து வாக்குறுதியை மீறியது வேறு கதை. ஆனால் மின் ஊழியர்களும் விவசாயிகளும் கிளர்ந்தெழ, மசோதா நிலைக்குழுவுக்குப் போய் அங்கேயே முடங்கியது. வதோதராவில் 2024 மே மாதம் பெண்கள் மின் அலுவலகங்களை முற்றுகையிட்டபின் குஜராத் அரசு வேகத்தைத் தணித்தது. பிரதமரின் சொந்த மாநிலம் என்பதை நினைவில் கொள்க. அடுத்த மாதமே மகாராட்டிர அரசு, சாதாரண வீடுகளுக்கு முன்பண மீட்டர் இல்லை என்று அறிவித்தது. சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்தலுக்குப் பின் அதே மீட்டர் வேறு பெயரில் திரும்பி வந்ததும் பாடத்தின் ஒரு பகுதியே. கேரளத்தில் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் தனியார் நிறுவன முறை கைவிடப்பட்டு, மின்வாரியமே படிப்படியாகப் பொருத்தும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தப் போராட்டங்கள் எங்கே வலுப்பட்டன என்று பார்த்தால், மின் ஊழியரும் விவசாயியும் குடியிருப்போரும் தனித்தனியே நில்லாமல் சேர்ந்து நின்ற இடங்களில்தான்.

மாநில ஆளும் கட்சியோடு தேர்தல் உடன்பாடு உள்ள இடங்களில் நம் தோழர்களின் நிலை கடினமானது என்பதை இவ்விதழ் அறியும். எல்லாம் ஒன்றிய அரசின் நிபந்தனை என்று சொல்லி அமைதியாகிவிட்டால், கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மக்கள் நம்மைக் கேட்கவே மாட்டார்கள். அந்த வெற்றிடத்தில் வகுப்புவாத சக்திகள்தான், தாங்களே விதித்த நிபந்தனைக்கு எதிராகத் தாங்களே ஊர்வலம் நடத்தும். நிபந்தனை விதித்தவர் யார் என்பதையும், அதைக் குறைந்த எதிர்ப்புடன் ஏற்று ஏழைக்கும் பணக்காரருக்கும் சேர்த்து இறக்கி வைத்தவர் யார் என்பதையும் ஒரே துண்டறிக்கையில் எழுத நமக்கு உரிமையும் கடமையும் உண்டு. நிபந்தனைக்குள்ளும் சிறு வீடுகளுக்கு விலக்கு அளிக்க இடமிருந்தது. விலக்கு கேட்டுப் பெறுவது கூட்டணிக்குத் துரோகமாகாது.

உடனடிப் பணிகள் தெளிவானவை. பெரும்பாலான மாநிலங்களில் மின்பகிர்மான நிறுவனங்கள் ஆண்டு வருவாய்த் தேவை மனுவைத் தாக்கல் செய்தபின் ஒழுங்குமுறை ஆணையம் பொதுக் கருத்துக் கேட்பு நடத்துகிறது. தொழில் முதலாளிகளின் சங்கங்கள் வழக்கறிஞரோடும் கணக்காளரோடும் அங்கே வந்து அமர்கின்றன. நம் பகுதிக் குழுக்கள் பல இடங்களில் வாயிற்கூட்டத்தோடு நின்றுவிடுகின்றன. வாயிற்கூட்டம் வேண்டும், உள்ளேயும் செல்ல வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் ஒப்பந்தத்தின் மாதத்தொகை எவ்வளவு, அது எந்தத் தலைப்பில் கட்டணத்தில் ஏற்றப்பட்டுள்ளது, பிரிவு 56-இன் 15 நாள் பாதுகாப்பு முன்பண இணைப்புகளுக்கு எப்படி உறுதிசெய்யப்படும் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு கேட்பிலும் எழுத்துமூலம் பதிவு செய்யலாம். பதில் தர ஆணையம் கடமைப்பட்டது. மின்சாரத் திருத்த முன்வரைவின் பிரிவு 61 குறித்த துண்டறிக்கையை மின் ஊழியர் சங்கங்களோடும் விவசாய அமைப்புகளோடும் இணைந்து தயாரித்து, குடியிருப்போர் நலச் சங்கங்கள் வரை கொண்டு செல்ல வேண்டும். நகராட்சி மன்றங்களில் உள்ள நம் உறுப்பினர்கள், சொத்து வரித் தீர்மானம் வரும் நாளில் எதிர்த்து வாக்களிப்பதோடு நில்லாமல், குறிப்பிட்ட பரப்பளவுக்குக் கீழுள்ள வீடுகளுக்கு விலக்கு கோரும் மாற்றுத் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.